தத்தெடுக்கக் காசு சேர்ப்பவர்களே, அந்தப் பிள்ளைகளின் அக்காவைக் கேட்டீர்களா?



நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமல் லைக் போடவும் வேண்டாம், வாசிக்காமல் ஏசவும் வேண்டாம்.

மூன்று கிழமையாக மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றித் திரிகிறது. சிறுவர் இல்லம் ஒன்றின் வாசலில் நிற்கும் இரண்டு பொடியன்கள். ஒருவனுக்குப் பதினொரு வயது, மற்றவனுக்குப் பன்னிரண்டு. கீழே, ஐரோப்பாவில் குடியுரிமை எடுத்து வாழும் ஒரு தம்பதியின் வேண்டுகோள். கைக்குழந்தைகளைத்தான் எல்லாரும் தத்தெடுக்கிறார்களாம், வளர்ந்த பிள்ளைகளை யாரும் தேடுவதில்லையாம். இவர்கள் இருவரையும் எடுத்து வளர்க்கப் போகிறார்களாம். சட்டத்தரணிச் செலவு, பயணச் செலவு, வீட்டில் அறை ஒழுங்கு பண்ணும் செலவு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் யூரோ வேண்டுமாம். அதற்குக் கீழே காசு அனுப்பும் இணைப்பு.

எங்கள் ஆட்கள் போட்டி போட்டுப் பகிர்கிறார்கள். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் பகிர்ந்திருக்கிறார்கள். பள்ளிவாசல் குழுவிலும் ஒருவர் போட்டிருக்கிறார். நானும் முதல் நாள் "மாஷா அல்லாஹ், நல்ல மனசு" என்று கருத்து எழுதியவன்தான். அதை மறைக்கவில்லை. அந்தக் கருத்தை இப்போது அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அடுத்த திங்கட்கிழமை, இடைவேளை மணி அடித்த பிறகு ஒரு மாணவி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வயது பதினைந்து. (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.) கணக்கில் சந்தேகம் கேட்க வருகிறாள் என்று நினைத்தேன்.

"சேர், தம்பியாக்களை வெளிநாட்டுக்குக் கொண்டு போனா, அவையின்ர அட்ரஸ் எனக்குத் தருவினமோ?"

அந்தப் படத்தில் நிற்பவர்கள் அவளுடைய தம்பிமார். படத்தில் அவள் இல்லை. அந்த வேண்டுகோளில் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் அம்மம்மாவோடு இருக்கிறாள். அம்மா தூரத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மாதத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருவார். தகப்பன் இல்லை. அம்மம்மாவால் மூன்று பேரையும் சமாளிக்க ஏலாது என்று, சாப்பாடும் படிப்பும் கிடைக்கட்டும் என்று, பொடியன்கள் இருவரையும் இல்லத்தில் விட்டது இரண்டு வருடத்துக்கு முன்.

அந்தத் தாய் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் ரீச்சர் ஒருவரும் போய்க் கதைத்தோம். தாய் சொன்னது இது: "வெளிநாட்டில படிப்பிக்கப் போகினமாம் சேர். பதினெட்டு வயசானதும் திரும்பி வருவினமாம்."

தத்தெடுப்பு என்றால் என்ன என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஸ்கொலர்ஷிப் மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீதிமன்றம் கட்டளை போட்ட நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவர்களுக்குத் தாய் இல்லை, வேறு ஒருவர்தான் தாய் என்று நாங்கள் சொன்னபோது அவர் அழவில்லை. "அப்ப என்ர பேர்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது சொல்லுங்கள். எந்த அநாதைப் பிள்ளைகளுக்காக நாங்கள் காசு சேர்க்கிறோம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பதியின் நிய்யத்தை நான் சந்தேகிக்கவில்லை. பிள்ளை இல்லாத ஏக்கம் பெரிய ஏக்கம். வளர்ந்த பிள்ளைகளை எடுக்க முன்வருவதும் சின்னக் காரியம் இல்லை. அவர்களுக்கும் யாரோ பாதிக் கதையைத்தான் சொல்லியிருப்பார்கள். என் கோபம் எங்கள் மீது. ஒரு படத்தைப் பார்த்ததும் "பாவம்" என்று பகிர்கிறோமே தவிர, இந்தப் பிள்ளைகளுக்கு ஆள் இருக்கா என்று பக்கத்து ஒழுங்கையில் விசாரிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்த நாட்டுக்கு இது புதுக் கதையும் இல்லை. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து சுமார் 11,000 பிள்ளைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பெரும்பாலும் கைக்குழந்தைகள். "குழந்தைப் பண்ணைகள்" என்றே அப்போது பத்திரிகைகள் எழுதின. 1987 இல் அரசாங்கம் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் அளவுக்கு விஷயம் முற்றியது. 2017 இல் நெதர்லாந்தின் "செம்ப்ளா" தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைத் தோண்டி எடுத்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார்.

வளர்ந்து ஆளான அந்தப் பிள்ளைகள் தாயைத் தேடி இங்கே வந்தபோது கண்டது என்ன? பிறப்புப் பத்திரத்தில் பொய்ப் பெயர். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பொய்த் திகதி. நீதிமன்றத்தில் "நான்தான் தாய்" என்று நின்று குழந்தையைக் கைமாற்றியவள் காசுக்கு நடித்த வேறொரு பெண். வளர்த்தவர்களை உயிராக நேசிக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். தங்களைப் பெற்றவள் யார் என்று தெரியாமல் திரும்பிப் போகிறார்கள்.

நெதர்லாந்து அரசாங்கம் நியமித்த யூஸ்ட்ரா குழு 2021 பெப்ரவரி 8 இல் அறிக்கை கொடுத்தது. இலங்கை, இந்தோனேசியா, பங்களாதேஷ், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளை ஆராய்ந்த குழு அது. முறைகேடுகள் நடந்ததும், அதிகாரிகளுக்கு அது தெரிந்திருந்ததும் வெளியே வந்தது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். வெளிநாட்டுத் தத்தெடுப்பை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து போன 881 பிள்ளைகளின் விஷயத்தைத் தனியாக ஆராய்ந்து, அரசாங்கம் வருத்தம் தெரிவித்தது. எத்தியோப்பியா 2018 இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடை செய்தது. சீனா 2024 இல் நிறுத்தியது. உலகம் பட்டுத் திருந்துகிற நேரத்தில் நாங்கள் இணைப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

"அது கைக்குழந்தைக் கதை சேர், இது விளங்கின பிள்ளைகள்" என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, ஹெயிட்டியைப் பாருங்கள். 2010 ஜனவரியில் அங்கே பெரிய நிலநடுக்கம். அதே மாதம், அமெரிக்காவிலிருந்து போன பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி எல்லை தாண்டப் பார்த்துப் பிடிபட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால் அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்ல படிப்பு கிடைக்கும், வந்து பார்க்கலாம் என்ற பேச்சை நம்பிப் பெற்றவர்களே ஏற்றிவிட்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்தத் தாய் சொன்னதும் அதே வசனம்தான்.

இனிச் சட்டம். எங்கள் சட்டப் புத்தகத்தில் தத்தெடுப்புக்கு "மகவேற்பு" என்று பெயர். 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1992 இல் வெளிநாட்டவர் விஷயத்தில் இறுக்கமாக்கினார்கள். 1995 இல் இலங்கை ஹேக் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. எல்லாரும் தெரிந்திருக்க வேண்டியது நான்கு விஷயம்.

ஒன்று. வெளிநாட்டில் இருப்பவர் படம் பார்த்துப் பிள்ளை தெரிவு செய்ய முடியாது. விண்ணப்பம் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். எந்தப் பிள்ளை என்று சொல்வது திணைக்களத்தின் வேலை. பிள்ளையை முதலில் குறித்து வைத்துவிட்டு அதன் படத்தைக் காட்டிக் காசு கேட்பது தலைகீழ்.

இரண்டு. பெற்றவரின் சம்மதம் வேண்டும். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று விளங்கித் தரும் சம்மதம். பத்து வயது கடந்த பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அந்தப் பொடியன்களிடம் யாராவது கேட்டார்களா?

மூன்று. பிள்ளையைக் கொடுப்பதற்கோ எடுப்பதற்கோ காசு கைமாறியிருக்கக் கூடாது. நீதிமன்றம் அனுமதித்தது தவிர ஒரு ரூபாயும் கூடாது.

நான்கு. சொந்தக் குடும்பத்தில், சொந்த நாட்டில் ஒரு வழியும் இல்லை என்றால்தான் வெளிநாடு. ஹேக் உடன்படிக்கையின் அடிப்படை அது. வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையும் 2009 இல் வழிகாட்டல் போட்டது. எங்கள் ஊரில் பிள்ளைகள் இல்லத்துக்குப் போவதற்குப் பெரும்பாலும் என்ன காரணம்? வறுமை. கணவன் இல்லாத தாய். நுண்கடன். தாய் மத்திய கிழக்கில்.

நான் கணித ஆசிரியர். கணக்கைப் பார்ப்போம். முப்பதாயிரம் யூரோ இன்றைக்கு எங்கள் காசுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அந்தத் தாயின் மாதச் சம்பளம் நாற்பதாயிரம். வருடத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம். ஒரு கோடியை அதால் பிரித்துப் பாருங்கள், இருபது வருடச் சம்பளம். சின்னவனுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் ஏழு வருடம்தான் இருக்கிறது. அந்தக் காசில் பாதி வேண்டாம், பத்தில் ஒரு பங்கு போதும். ஒரு ஜுக்கி மெஷின், வீட்டுக்கு ஒழுகாத கூரை, மூன்று பேருக்கும் படிப்புச் செலவு. தாய் வீட்டுக்கு வந்துவிடுவார், பொடியன்கள் இல்லத்திலிருந்து வந்துவிடுவார்கள், அக்கா யாரிடமும் அட்ரஸ் கேட்கத் தேவையில்லை.

ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க ஒரு கோடி சேர்க்க முடிகிறது. சேர்த்து வைக்கப் பத்து லட்சம் சேர்க்க முடியாதா? இந்தக் கேள்விக்கு யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்.

"அங்கே போனால் நல்லாப் படிப்பார்கள், நல்லா இருப்பார்கள், நீங்கள் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நல்லாப் படிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் எந்த மண்ணில் இருந்து கதைக்கிறோம் என்று யோசியுங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் றோட்டோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் முல்லைத்தீவிலும் உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளையின் படம், வாயில் ஒரே கேள்வி: என்ர பிள்ளை எங்கே? அந்தக் கேள்வியோடே கண்மூடிய தாய்மார் எத்தனை பேர். பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாத வேதனை என்ன என்று உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் வன்னிக்குத் தெரியும். அந்த வன்னியில், ஒரு தாயை விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்கிப் பிள்ளையை அனுப்ப நாங்களே காசு சேர்ப்பதா?

இனி என் சமூகத்துக்கு. ஒரு சகோதரர் உள்பெட்டியில் எழுதியிருந்தார்: "உங்கள் மார்க்கத்தில் தத்தெடுப்பு ஹராம், அதனால்தான் எதிர்க்கிறீர்கள்." எங்கள் ஆட்களில் சிலரும் அதே வாதத்தோடு "நாங்கள் இதில் தலையிடத் தேவையில்லை" என்று ஒதுங்கிவிட்டார்கள். இரண்டு பேரும் பாதியைத்தான் பிடித்திருக்கிறீர்கள். மார்க்கம் தடுத்தது, வளர்க்கும் பிள்ளையின் தகப்பன் பெயரை அழித்து உன் பெயரைப் போடுவதை. பிள்ளையை எடுத்து வளர்ப்பதை அது தடுக்கவில்லை, தூக்கிப் பிடித்திருக்கிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே தகப்பனைக் காணாமல் பிறந்து, ஆறு வயதில் தாயையும் இழந்து, பாட்டனாரிடமும் பிறகு பெரிய தந்தையிடமும் வளர்ந்தவர்கள். கஃபாலா என்று அதற்குப் பெயர். 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில், 20 ஆம் உறுப்புரையில், அந்தச் சொல்லே இருக்கிறது. வாரிசுரிமை வராது என்றால் வஸிய்யத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் எழுதலாம், உயிரோடு இருக்கும்போது ஹிபாவாகக் கொடுக்கலாம். வழி இருக்கிறது. "ஹராம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வது எங்கள் சோம்பலுக்கு நாங்கள் போட்ட போர்வை.

நான் இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் எங்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது எனக்கு இரண்டு வயது. உம்மாவின் இடுப்பில் முல்லைத்தீவை விட்டுப் போனவன். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். அங்கே என் சாச்சா மௌத்தானார். சாச்சி அதற்கு முன்பே போய்விட்டார். அவர்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒன்பது வயது, பதினொரு வயது. எங்கள் கொட்டிலில் ஏற்கெனவே ஐந்து பேர். வாப்பாவுக்குக் கூலி வேலை. நிவாரண அரிசியில்தான் சோறு. வாப்பா இருவரையும் கூட்டி வந்துவிட்டார்.

லேசாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். என் சேட்டை அவர்கள் போட்டதற்கு நான் சண்டை பிடித்திருக்கிறேன். மூத்தவன் இரண்டு தரம் ஓடிப்போனான். இரண்டு தரமும் வாப்பா தேடிப்போய்க் கூட்டி வந்தார். உம்மாவை "பெரியம்மா" என்றே கூப்பிட்டார்கள், கடைசி வரைக்கும். பாடசாலையில் சேர்க்கும்போது, உங்கள் பெயரையே தகப்பன் பெயராகப் போட்டால் வேலை சுலபம் என்று யாரோ சொன்னார்களாம். வாப்பா மறுத்துவிட்டார். "தம்பிட பேரை அழிக்க நான் ஆரு?" என்றாராம். இன்று ஒருவன் புத்தளத்தில் கடை வைத்திருக்கிறான். மற்றவன் மேசன். இருவரும் கையெழுத்துப் போடும்போது சாச்சாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது.

வாப்பா பெரிய மனிதர் இல்லை. அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். தமிழ்ச் சனமும் அப்படித்தான். 2004 சுனாமியில் இந்த மாவட்டக் கரை அழிந்தது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களை எடுத்து வளர்த்தது சொந்தக்காரர்கள்தான். மாமி, சித்தி, அம்மம்மா. சுனாமிப் பிள்ளைகளைத் தத்தெடுக்க வெளியே இருந்து ஆட்கள் கேட்டபோது அரசாங்கம் தடை போட்டது. அன்றைக்கு எங்களிடம் காசு இருக்கவில்லை. மனம் இருந்தது. இன்றைக்கு இரண்டு மாடி வீடு இருக்கிறது, வெளிநாட்டுக் காசு இருக்கிறது. ஆனால் தங்கச்சியின் பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டு, "அங்கே நல்ல சாப்பாடாம்" என்கிறோம்.

அந்தத் தம்பதி எழுதியதில் ஒரு வரி முழு உண்மை. வளர்ந்த பிள்ளைகளை யாரும் தேடுவதில்லை. எங்கள் ஊரிலும் பிள்ளையில்லாத தம்பதிகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் தொட்டில் குழந்தைதான் வேண்டும், அதுவும் வெள்ளையாக வேண்டும். தாயும் இல்லாமல், சொந்தமும் இல்லாமல், உண்மையாகவே ஆளில்லாத பதினொரு வயதுப் பிள்ளை இல்லத்தில் இருந்தால், அவனைக் கடல் கடந்து ஒருவர் கேட்கும் வரைக்கும் நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எங்கள் வெட்கம். அப்படியான பிள்ளைக்கு இங்கே ஒரு வழியும் இல்லாமல், சட்டப்படி திணைக்களத்தின் வழியாக ஒரு குடும்பம் வெளிநாட்டில் கிடைத்தால் நான் முதலாவதாகத் துஆ செய்வேன். ஆனால் அந்தப் படத்தில் நிற்பவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு.

அந்தப் படத்தை உங்கள் போனிலிருந்தும் குழுக்களிலிருந்தும் இன்றே அழியுங்கள். அது நாளைக்கு உயர்தரம் படிக்கப் போகும் பொடியன்களின் முகம். "உன்னை விற்கப் படம் போட்டவங்கள்" என்று வகுப்பில் யாரும் பகிடி பண்ணும் நிலை வரக் கூடாது.

காசு கொடுக்க நினைத்தவர்கள் நிய்யத்தை மாற்ற வேண்டாம், முகவரியை மாற்றுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரைக் கேட்டால், சாப்பாட்டுக்காகவும் படிப்புக்காகவும் இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கு எப்படி உதவலாம் என்று வழிகாட்டுவார். "செவன சரண" என்று திணைக்களத்தின் உதவித் திட்டமே இருக்கிறது. வீட்டிலேயே வாழும் பிள்ளைக்கு மாதா மாதம் உதவும் திட்டம்.

பிள்ளை எடுத்து வளர்க்க மனமும் வீடும் உள்ளவர்கள் நன்னடத்தை அலுவலகத்துக்குப் போங்கள். ஆளில்லாத, வளர்ந்த பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். சகோதரங்கள் இருந்தால் சேர்த்துக் கேளுங்கள். பெயரை மாற்றாமல் கேளுங்கள்.

ஏதாவது பிழை நடக்கிறது என்று தெரிந்தால் 1929 க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. நாங்கள் இந்த விஷயத்தை உரிய உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்துவிட்டோம். அந்தத் தம்பதிக்கும் மரியாதையாக ஒரு மடல் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தாயும் அக்காவும் அம்மம்மாவும் இருக்கிறார்கள், நீங்கள் சேர்த்த காசில் அவர்களைச் சேர்த்து வையுங்கள், அப்போது ஒரு குடும்பமே உங்களைச் சொந்தமாக நினைக்கும் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமையும் வந்து கேட்டாள். "சேர், என்னவாம்?"

"பொறு மகள், கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அடுத்த திங்கள் அவளுக்கு நான் சொல்லப்போகும் பதில் என் கையில் மட்டும் இல்லை. இதை வாசிக்கிற உங்கள் கையிலும் இருக்கிறது.